பின் சக்கரங்களில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்துவது: ஸ்பேனருக்கு முன்னால் வெர்னியரை எடுங்கள்

தண்ணீர் தேங்கிய ஒரு பாதையைக் கடந்து வந்த மாலையில்தான் இந்த வேலையைச் செய்வது என்று முடிவெடுத்தேன். சக்கரத்தின் நடுப்பகுதி நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். மேடேறி வந்து பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் ஒன்றுமே பிடிக்கவில்லை. இரண்டாவது மிதிக்கு இடது பின் சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடித்து, கார் ஒரு முழம் விலகி நின்றது. பின் இருக்கையில் மாமியாரும் என் மகனும். பிரேக் டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் மூடிய கிண்ணம்; ஷூ என்ற வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அதை அழுத்தி நிறுத்தும். டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் இப்படித்தான் செய்யும். உள்ளே போகும் வழி அதற்குத் தெரியும், வெளியே வரத் தெரியாது.

தொழிற்சாலை ஒன்றில் அளவுச் சோதனைப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வெர்னியரும் டயல் கேஜும் என் கையோடு வளர்ந்தவை. அதனால் இந்த வேலையை நான் அளவுகளின் வழியாகத்தான் சொல்லப் போகிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் இரண்டு நாள் வேலை. அதற்கு முன் காகிதத்தில் போட வேண்டிய கணக்கு ஒரு மாலைப் பொழுதை எடுக்கும். அந்த மாலையை மிச்சம் பிடித்தவர்களின் கார்தான் மழையில் சுழன்று நிற்கிறது.

இது வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

டிரம் ஒன்றும் கேவலமான பொருள் இல்லை. ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.4 என்ற மின்சாரக் காரிலேயே பின்பக்கம் டிரம்தான் இருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் அங்கே பின் பிரேக்குக்கு வேலை குறைவு. மூடிய டிரம்முக்குள் துருவும் குறைவு. கை பிரேக்காக டிரம் பிடிப்பது போல் டிஸ்க் சுலபத்தில் பிடிப்பதும் இல்லை. சமதளத்தில், ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு நல்ல ஷூவும் சரியாக வைத்த அட்ஜஸ்டரும் போதும். நிறுத்தும் தூரம் பாதியாகக் குறையும் என்ற ஆசையில் இதைத் தொடங்காதீர்கள். அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் முன் பிரேக்கும் டயரும்தான் தீர்மானிக்கின்றன.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் திறந்த தட்டு; காலிப்பர் என்ற கவ்வி, பேட் என்ற பட்டைகளால் அதை இருபக்கமும் அழுத்தி நிறுத்தும். டிஸ்க் தருவது வேறு நன்மைகள். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே போகிறது. டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும். நனைந்த டிஸ்க்கை பேடே இரண்டு சுற்றில் துடைத்துவிடும். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சக்கரத்தைக் கழற்றியவுடன் கண்ணால் பார்த்துவிடலாம். எனக்கு இந்த மூன்றும் தேவைப்பட்டன.

காரில் செய்யும் மாற்றங்களுக்கு உங்கள் பகுதியில் என்ன சட்டம் என்பதையும், காப்பீடு இதை ஏற்குமா என்பதையும் உதிரி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே விதி

பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம், முன் சக்கரத்துக்கு முந்தி நின்றுவிடக் கூடாது; அதாவது, கார் ஓடிக்கொண்டிருக்கையில் சுழல்வதை விட்டு வழுக்கக் கூடாது. மற்ற எல்லாமே இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை.

முன் சக்கரங்கள் முதலில் நின்றால் ஸ்டியரிங் கேட்காது. ஆனால் கார் நேராகப் போகும், பெடலைத் தளர்த்தினால் மீளும். பின் சக்கரங்கள் முதலில் நின்றால் காரின் வால் முன்னால் வரப் பார்க்கும். அதை மீட்பதற்குச் சாதாரண ஓட்டுநருக்கு நேரம் கிடைக்காது.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது. 1,000 கிலோ எடை, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று ஒரு சிறிய காரை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது முன்பக்கம் 600 கிலோ, பின்பக்கம் 400 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு அளவுக்கு அழுத்திப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 183 கிலோ முன்னால் நகர்ந்துவிடும் (1,000 × 0.8 × 0.55 ÷ 2.4). அப்போது பின் சக்கரங்கள் தரையை அழுத்துவது வெறும் 217 கிலோவால். மொத்தப் பிடிப்பில் பின்பக்கத்தின் பங்கு 22 சதவீதம்தான். அதற்கு மேல் பிரேக் கொடுத்தால் டயர் வழுக்கும். 1955இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் வைத்ததன் நியாயமும் இதுதான்: கடினமான வேலை முன்னால் நடக்கிறது.

ஆக, நாம் செய்யப்போவது பின் பிரேக்கைப் பலப்படுத்தும் வேலை இல்லை. இருந்த பலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதை வெப்பத்திலும் ஈரத்திலும் மாறாமல் கிடைக்கச் செய்யும் வேலை.

காகிதத்தில் கணக்கு

டிரம்முக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முன்னால் இருக்கும் ஷூவை, சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் விசையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உராய்வு விசை கிடைப்பது இதனால்தான். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேட் அழுத்தும் அளவுக்கு மட்டுமே பிடிப்பு. எனவே காலிப்பரின் பிஸ்டன் வீல் சிலிண்டரைவிட மிகப் பெரியதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

என் கணக்குநோட்டில் போட்டது போலவே ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். 19 மி.மீ. வீல் சிலிண்டரின் பரப்பு 284 சதுர மி.மீ. பிரேக் குழாயில் 40 பார் அழுத்தம் இருந்தால், ஷூவைத் தள்ளும் விசை சுமார் 1,134 நியூட்டன். சாதாரண டிரம்முக்குப் பெருக்கம் 2.2 என்று வைத்தால் 2,495 நியூட்டன். 200 மி.மீ. டிரம் என்றால் ஆரம் 0.1 மீட்டர்; சக்கரத்தை நிறுத்தும் திருப்புவிசை 249 நியூட்டன் மீட்டர்.

இப்போது 240 மி.மீ. டிஸ்க். பேட் அழுத்தும் இடத்தின் நடு ஆரம் ஏறக்குறைய 0.1 மீட்டர். பேடின் உராய்வு எண் 0.38, இரண்டு பக்கமும் பேட் இருப்பதால் 0.76. அதே 40 பாரில், பிஸ்டன் 30 மி.மீ. என்றால் கிடைப்பது 215 நியூட்டன் மீட்டர். 34 மி.மீ. என்றால் 276. 38 மி.மீ. என்றால் 345.

இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். 30 மி.மீ. பிஸ்டன் பழைய டிரம்மைவிடக் குறைவாகப் பிடிக்கிறது. 38 மி.மீ. பிஸ்டன் கிட்டத்தட்ட 38 சதவீதம் அதிகமாகப் பிடிக்கிறது. ஈரச் சாலையில் பின் டயரை நிறுத்திவிட அது தாராளம். 34 மி.மீ. பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பெரிய காரின் காலிப்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் காரின் உண்மையான அளவுகளை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். டிரம்மின் உள்விட்டம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது தேய்மானத்தின் உச்ச வரம்பாகவும் இருக்கலாம், ஆகவே அளந்து பாருங்கள்.

உதிரிகள் சேர்ப்பது

சிறந்த வழி, உங்கள் காரின் அதே மாடலில் பின்பக்கம் டிஸ்க்கோடு வந்த உயர் ரகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால் அதன் ஸ்டப் ஆக்சில் (பின் சக்கரம் சுழலும் குட்டை அச்சு) முதல் கை பிரேக் கேபிள் வரை எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து எடுங்கள். எடையும் அச்சு இடைவெளியும் அதேதான் என்பதால், பொறியாளர்கள் ஏற்கெனவே செய்த கணக்கு உங்களுக்கும் பொருந்தும். பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் எண்ணும், அந்த அழுத்தத்தைப் பங்கிடும் வால்வின் எண்ணும் இரண்டு ரகத்துக்கும் ஒன்றா என்று உதிரிப்பாகப் பட்டியலில் பாருங்கள். வேறாக இருந்தால் அவற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

அப்படி ஒரு ரகம் இல்லாவிட்டால் காலிப்பரைப் பிடிக்கும் தாங்கித் தகடு செய்து மாட்ட வேண்டிவரும். அதைத் திடமான எஃகில், மில்லிங் இயந்திரத்தில் ஒரே துண்டாகக் கடைந்து எடுங்கள். துண்டு துண்டாக வெல்டிங் செய்த தாங்கியை நான் மாட்ட மாட்டேன், யாருக்கும் மாட்டச் சொல்லவும் மாட்டேன். கடும் பிரேக்கின் முழு விசையும் தாங்கியின் இரண்டு போல்ட்டுகளின் வழியாகத்தான் அச்சுக்குப் போகிறது.

முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் டிரம்மும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு. பேரிங் அதற்குள்ளேயே இருக்கும். டிரம்மைக் கழற்றினால் ஹப்பும் போய்விடும். எனவே டிஸ்க்கோடு தனி ஹப்பும் பேரிங்கும் வேண்டும், அது உங்கள் ஸ்டப் ஆக்சிலின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். இதைக் கவனிக்காமல் டிஸ்க் மட்டும் வாங்கி வந்து திகைத்து நின்றவர்கள் உண்டு.

அடுத்தது சக்கரம். 13 அங்குலச் சக்கரத்துக்குள் பல காலிப்பர்கள் நுழையாது. காலிப்பரின் வடிவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி, சக்கரத்தின் உட்பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ரிம்மில் ஒட்டிய சமநிலை எடைக் கட்டிகளையும் கணக்கில் சேருங்கள். அவைதான் முதலில் உரசும்.

கை பிரேக்குக்கு இரண்டு வகை உண்டு. ஒன்றில், காலிப்பரின் பிஸ்டனையே ஒரு திருகு தள்ளும். இன்னொன்றில், டிஸ்க்கின் நடுக் குழிவுக்குள் சிறிய டிரம்மும் ஷூவும் இருக்கும். இரண்டாவது வகை சரிவில் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் பாகங்கள் அதிகம். எதுவாக இருந்தாலும் சரி, இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் பின்னால் டிஸ்க் மாட்டாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் கைவிடும் நாளில் மிச்சம் இருப்பது அந்தக் கேபிள் ஒன்றுதான்.

மாஸ்டர் சிலிண்டரும் வால்வுகளும்

பழைய கார்கள் சிலவற்றில், டிரம் பக்கம் போகும் குழாயில் ஒரு சிறு வால்வு எப்போதும் சுமார் 0.7 பார் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடுகள் காற்றை உள்ளே இழுத்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஷூவைத் திரும்ப இழுக்கப் பலமான ஸ்பிரிங் இருப்பதால் அங்கே தொந்தரவு இல்லை. காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் வளையம் சற்றே முறுக்கிக்கொண்டு, பெடலை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். 0.7 பார் அந்த மயிரிழையைத் தின்றுவிடும். பேட் உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் கொதிக்கும். எனவே அந்த வால்வு இருந்தால் எடுத்தாக வேண்டும்.

பெரிய பிஸ்டனுக்குப் பிரேக் ஆயிலும் அதிகம் வேண்டும். 34 மி.மீ. பிஸ்டன், பேட்கள் முழுக்கத் தேயும்வரை 16 மி.மீ. வெளியே வரும் என்றால், ஒரு சக்கரத்துக்கு 14.5 மில்லி, இரண்டுக்கும் 29 மில்லி. மேலே இருக்கும் குப்பியில் பின் சுற்றுக்கான அறை அந்த அளவு இறக்கத்தைத் தாங்குமா என்று பாருங்கள். பெடல் பயணம் மிக நீண்டுவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் விட்டம் கூடினால் காலுக்குப் பெடல் கனக்கும். அதையும் டிஸ்க் ரகத்தில் வந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் பங்கீட்டு வால்வு ஒன்றைப் பின்பக்கக் குழாயில் வைப்பார்கள். முன்பக்கக் குழாயில் அதை வைக்கவே கூடாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிறிய முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் குழாய்கள் பெரும்பாலும் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒரு சுற்றில் முன் இடதும் பின் வலதும், மறு சுற்றில் முன் வலதும் பின் இடதும். அந்த அமைப்பில் பின்பக்கம் இரண்டையும் ஒரே வால்வுக்குள் இணைத்தால், ஒரு சுற்று உடையும்போது இன்னொன்றும் போய்விடும். அங்கே இரு சுற்றுக்கும் தனித்தனி வழி உள்ள இரட்டை வால்வுதான் சரி. பின் அச்சில் சுமைக்கு ஏற்ப இயங்கும் கம்பி வால்வு இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். ஆள் ஏறினால் பின் பிரேக்கைக் கூட்டும் வேலையை அதுதான் பார்க்கிறது.

ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் நின்று வழுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள கார் என்றால் என் ஆலோசனை ஒன்றே: அதே மாடலின் டிஸ்க் ரக உதிரிகள், அதே பற்கள் எண்ணிக்கையுள்ள சென்சார் வளையம், அந்த ரகத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று எல்லாம் கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிரல் குறிப்பிட்ட பிரேக்குக்காக எழுதப்பட்டது.

கழற்றுவது

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கை பிரேக்கைத் தளர்த்துங்கள். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே கீழே கை நீட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வேலை செய்யக் கூடாது.

பழைய ஷூக்களின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

குழாயைக் கழற்றும் முன் பெடலை மூன்று சென்டிமீட்டர் அளவு அழுத்தி, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளை மூடிக்கொள்ளும். குழாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்காது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். குழாய் நட்டுக்கு அதற்கென்றே உள்ள, ஏறக்குறைய ஆறு முகத்தையும் பிடிக்கும் வெட்டு ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கி, குழாயையே வெட்ட வேண்டிவரும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஷூ, ஸ்பிரிங், பின் தகடு, கேபிள் எல்லாம் வந்த பிறகு ஸ்டப் ஆக்சிலின் முகம் வெறுமையாக நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

துருவின் ஒரு துகள்

ஹப்பின் முகத்தில், டிஸ்க் உட்காரும் இடத்தில், ஒரு துருத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அளந்து பார்த்திருக்கிறேன். ஹப் முகத்தின் விட்டம் 130 மி.மீ. அதன் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிமனில் ஒரு துகள். கண்ணுக்குப் பழுப்புக் கறை போலத்தான் தெரியும். டிஸ்க்கை மாட்டி, அதன் வெளி ஓரத்தில் டயல் கேஜை வைத்துச் சுற்றினால் முள் 0.09 மி.மீ. ஆடுகிறது. டிஸ்க் தன் விட்டத்துக்கு ஏற்ப அந்தச் சாய்வைப் பெருக்கிக் காட்டுகிறது. பல காரின் கையேடுகள் அனுமதிக்கும் ஆட்டம் 0.05 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். அதைத் தாண்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, பெடல் காலுக்கடியில் துடிக்க ஆரம்பிக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஹப் முகத்தில் விட்டுவைத்த அந்தத் துகள்தான்.

கம்பித் தூரிகை, பிறகு உப்புத்தாள், பிறகு சுத்தமான துணி. விரல் நுனியால் தடவிப் பார்த்து எங்கும் தடங்கவில்லை என்றால்தான் டிஸ்க்கை மாட்டுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முழுக்கக் கழுவிவிடுங்கள். சக்கர நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கி டிஸ்க்கை ஹப்போடு அழுத்திய பிறகு ஆட்டத்தை அளங்கள். அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து காலிப்பர் தாங்கி. டிஸ்க் அதன் நடுவில் ஓட வேண்டும். இரண்டு பக்க இடைவெளியையும் வெர்னியரில் அளந்து, வித்தியாசம் இருந்தால் துல்லியமான எஃகு வாஷரால் சரிசெய்யுங்கள். தாங்கி போல்ட்டுகளுக்கு மரைப் பசை போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஹப் நட்டு அடித்து மடக்கும் வகை என்றால் புதிதுதான் போட வேண்டும். காலிப்பர் சறுக்கும் பின்களுக்கு அதற்கென்ற கிரீஸ். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

திருகு வகைக் கை பிரேக் உள்ள பிஸ்டனைக் கிளாம்பு போட்டு நெருக்கி உள்ளே தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பொறி உடையும். சுழற்றிக்கொண்டே அழுத்தும் கருவியால் திருப்பித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, பேடின் முதுகில் உள்ள முளைக்கு நேராக நிற்கட்டும்.

ரப்பர் ஹோஸை மாட்டியபின் அச்சை முழுக்கக் கீழே தொங்கவிட்டும், ஜாக்கியால் முழுக்க மேலே தூக்கியும் பாருங்கள். எந்த நிலையிலும் அது விறைக்கவும் கூடாது, எதிலும் உரசவும் கூடாது. செம்பு வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதியவை.

காற்றை எடுப்பது

டாட் 4 ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155. மூடி திறந்து நாள்பட்டுக் கிடந்த குப்பியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. டாட் 4 உடன் சேரவே சேராது. டாட் 5.1 என்ற பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ஒருவர் மெதுவாகப் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாக ரப்பர் போகாத ஆழத்தில் கசடும் துருவும் படிந்திருக்கும். அங்கே போனால் ரப்பர் கிழியும்.

என் மகன்தான் பெடலை மிதித்தான். ஒரு லிட்டர் ஆயில் போயிற்று. குழாயில் குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் அவன், "அம்மா, இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வீல் சிலிண்டர் இருந்த இடத்துக் குழாய் இணைப்பு, முன் காலிப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். இருட்டிய பிறகு, விளக்கை இடது காலிப்பருக்கு நேராகப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது: நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது. ஹோஸ் நுழையும் இடம் மேலே. இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். இரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள். போல்ட்டுகள் கச்சிதமாகப் பொருந்திவிடும். காற்று மேலேதான் நிற்கும். கீழே இருக்கும் நிப்பிள் வழியாக எத்தனை லிட்டர் ஓட்டினாலும் அது அசையாது. மாற்றி மாட்டினேன். பத்தாவது மிதியில் மகன், "கல் மாதிரி நிற்கிறது அம்மா" என்றான்.

நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில். காலிப்பரைக் கையில் எடுத்தவுடன் இதைத்தான் முதலில் பாருங்கள்.

கை பிரேக் கேபிள்

பலர் கேபிளை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்து கிடக்கும்போதே கால் பெடலை இருபது முப்பது முறை மிதியுங்கள். காலிப்பருக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் பேட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். அதன் பிறகு கேபிளின் தொய்வை மட்டும் எடுங்கள். கை பிரேக் இறக்கியிருக்கும்போது இரு காலிப்பரின் நெம்புகோலும் அதன் முட்டில் வந்து ஒட்டி நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. நாளடைவில் பெடல் இறங்கும், பேட் தீயும் வாடை வரும்.

ஓட்டிப் பார்ப்பது

சாலைக்குப் போகும் முன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டமே இல்லாத திறந்த இடத்தில் நடை வேகத்தில் ஐந்தாறு முறை நிறுத்திப் பாருங்கள்.

பேடையும் டிஸ்க்கையும் பழக்க, மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். பேடின் தடம் அந்த இடத்தில் பதிந்துவிடும்.

அதன் பிறகுதான் அந்த ஒரே விதிக்கான சோதனை. காலியான, நனைந்த தளம். வண்டியில் ஓட்டுநர் மட்டும். பின்பக்கம் மிக இலேசாக இருக்கும் நிலைதான் மிக ஆபத்தான நிலை. கையால் திருப்பும் வால்வு வைத்திருந்தால் பின்பக்க அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி தொடங்குங்கள். ஏ.பி.எஸ். இல்லாத காரில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்பான தூரத்தில் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி, கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம் முதலில் நின்றது என்பதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. முன் சக்கரம் முதலில் நின்றால் வால்வை அரைச் சுற்று திறந்து மறுபடி பாருங்கள். பின் சக்கரம் முந்தும் இடத்துக்கு வந்ததும் நன்றாகப் பின்வாங்கி, வால்வைப் பூட்டி, பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கடைசி அரைச் சுற்றுப் பிடிப்புக்கு ஆசைப்படாதீர்கள். சாலை வேகத்தில், தேய்ந்த டயரில், ஒரு வளைவில் அந்த அரைச் சுற்றுதான் வாலைத் தூக்கும். வால்வே இல்லாமல் பின் சக்கரம் முந்துகிறது என்றால் காலிப்பர் பெரிது. காரை வெளியே எடுக்காமல் கணக்குக்குத் திரும்புங்கள்.

பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். பின் இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தில் கேபிளோ பின்னோ சிக்கியிருக்கிறது. வெப்பமானி இல்லாவிட்டால் உள்ளங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோனாலே தெரியும். டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

500 கி.மீ. ஆனதும் சக்கரங்களைக் கழற்றி, தாங்கி போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இணைப்புகளைக் காகிதத்தால் ஒற்றுங்கள். உள் பேடையும் வெளிப் பேடையும் அளங்கள். என் காரில் முதல் சோதனையில் வலது பக்கம் உள் பேட் 9.6, வெளிப் பேட் 9.7 மி.மீ. இருந்தது, இடது பக்கம் உள் பேட் 9.1, வெளிப் பேட் 9.7. இடது காலிப்பரின் கீழ்ப் பின்னை உருவினால் கிரீஸ் வறண்டு, பழுப்பாகியிருந்தது. சுத்தம் செய்து, புதுக் கிரீஸ் போட்டு, விரலால் தள்ளினாலே போய் வருகிறதா என்று பார்த்து மாட்டினேன். அடுத்த 5,000 கி.மீ. சோதனையில் நான்கு பேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன.